ஐம்பது வாத்தும் ஒரு சதவீதமும்: வீடியோ தரத்தை அளப்பது பற்றி

ஒரு வீடியோவைச் சின்னதாக்கி இணையத்தில் ஏற்றுகிறோம். ஏற்றிய பிறகு யாரையாவது கூப்பிட்டு "நல்லா தெரியுதா?" என்று கேட்கிறோம். "தெரியுதே" என்கிறார்கள். பெரும்பாலும் தரப் பரிசோதனை இத்தோடு முடிந்துவிடும். கல்யாண வீடியோவுக்கு இது போதும்தான். மாப்பிள்ளை, பொண்ணு முகம் தெரிந்தால் யாருக்கும் குறையில்லை.

என்னிடம் இருப்பது வேறு வகை. காரை, கொளக்காநத்தம் பக்கத்துக் களிமண் சரிவுகள், சாத்தனூர் கல்மரம், கரைவெட்டி ஏரியில் குளிர்காலத்தில் இறங்கும் பறவைகள், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம். பெரம்பலூர், அரியலூர் என்ற இந்த இரண்டு மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி எடுத்தவை. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். போனில்தான் பார்க்கிறார்கள். நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் வகுப்பு, வாட்ஸ்அப், ரீல்ஸ் எல்லாம் ஓட வேண்டும். கோப்பு பெருத்துப்போனால் பார்க்க மாட்டார்கள். ரொம்பச் சிறுத்தால் பார்ப்பார்கள், ஆனால் பார்க்க வேண்டியது அதில் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. காரைச் சரிவு மழைக்கு மழை உருமாறுகிற நிலம். இந்த வருஷம் மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கிற சிப்பிப் படிமம் அடுத்த ஐப்பசிக்குப் பிறகு அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்த வீடியோ சில சமயம் அந்தப் படிமத்தின் ஒரே பதிவாகக்கூட ஆகிவிடும். அதனால் "தெரியுதே" என்ற பதிலை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அளந்து பார்க்க ஆரம்பித்தேன். அளப்பதில் என்ன கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் எவ்வளவு தூக்கி எறிகிறோம் என்று ஒரு கணக்கு. ஃபுல் எச்டி பிரேம் ஒன்றில் 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல். சுருக்காமல் வைத்தால், வழக்கமான 8 பிட் வடிவத்தில் ஒரு பிரேமுக்கு 31 லட்சம் பைட் ஆகும். விநாடிக்கு 30 பிரேம், பத்து நிமிஷம் என்றால் சுமார் 56 ஜிபி. அதே பத்து நிமிஷத்தை விநாடிக்கு 3 மெகாபிட் என்ற அளவில் மாற்றினால் 225 எம்பி. 250-ல் ஒரு பங்கு! மீதி 249 பங்கும் போய்விட்டது, ஆனாலும் படம் பார்க்கும்படி இருக்கிறது. இதுதான் கோடெக்கின் சாமர்த்தியம். பக்கத்துப் பிரேமில் இருப்பதையே திரும்ப எழுதாமல் "இந்தத் துண்டு இங்கேயிருந்து அங்கே நகர்ந்தது" என்று மட்டும் குறித்து வைக்கும். கண்ணுக்குப் பெரிதாகப் படாத நுணுக்கங்களை முரட்டுத்தனமாக முழுமையாக்கிவிடும். 12.37-ஐ 12 என்று எழுதுகிற மாதிரி.

போன் கேமராவே பதிவு செய்யும்போதே சுருக்கித்தான் சேமிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சாதாரணமாக விநாடிக்கு 15, 20 மெகாபிட் வாக்கில் வைக்கும். நாம் "மூலம்" என்று சொல்லும் கோப்பே ஏற்கெனவே ஒரு தடவை பிழியப்பட்ட கரும்புதான்.

சரி, பிழிந்ததில் எவ்வளவு சாறு போச்சு என்று எப்படி அளப்பது? ரொம்பப் பழைய வழி பிஎஸ்என்ஆர். மூலத்தின் ஒவ்வொரு பிக்சலையும் நகலின் அதே இடத்துப் பிக்சலோடு கழித்து, வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, மொத்தத்துக்கும் சராசரி எடுக்க வேண்டும். இதுதான் சராசரிப் பிழை. பிறகு 255-ன் வர்க்கத்தை (65,025) அந்தச் சராசரியால் வகுத்து, மடக்கை எடுத்து, பத்தால் பெருக்கினால் டெசிபல் கணக்கில் ஓர் எண் வரும். சராசரிப் பிழை 6.5 என்றால் 40 டெசிபல். 65 என்றால் 30. சுருக்கிய வீடியோக்கள் பொதுவாக 30-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கும். 40 கிடைத்தால் பலரும் திருப்தியாகக் கடையைக் கட்டிவிடுவார்கள்.

இப்போது கரைவெட்டிக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்து ஏரி, பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே இறங்கும். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும், பெயரே அதனால்தான். கரையில் முக்காலி போட்டு எடுத்தால் தூரத்தில் மிதக்கும் ஒரு வாத்து, திரையில் 24 × 16 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 384 பிக்சல். ஐம்பது வாத்து இருந்தால் 19,200. மொத்தப் பிரேமில் இது ஒரு சதவீதம்கூட இல்லை, 0.93 தான்! மிச்ச 99 சதவீதமும் தண்ணீர், நாணல், வானம்.

தண்ணீரும் வானமும் நல்லபடியாக 40 டெசிபலில் இருக்கட்டும். வாத்துகள் இருக்கும் இடம் மட்டும் கலங்கிச் சேறாகி 20 டெசிபலுக்கு இறங்கிவிட்டது. முழுப் பிரேமுக்கும் என்ன வரும்? சராசரிப் பிழை 6.5-லிருந்து 12.5-க்கு வரும், பிஎஸ்என்ஆர் 37.2. அதாவது ஐம்பது வாத்தையும் அடையாளம் தெரியாமல் அழித்த பிறகும் அந்த எண் "பரவாயில்லை, நல்ல வீடியோ" என்றுதான் சொல்லும். தலையில் இருக்கும் பட்டை அந்தத் தூரத்தில் ஒன்றிரண்டு பிக்சல். அது போனால் வரித்தலை வாத்தா, வேறு வாத்தா என்று சொல்லவே முடியாது.

இதில் இன்னொரு வில்லங்கம், தண்ணீர். காற்றில் சிலிர்க்கிற நீர்ப்பரப்பு மாதிரி கோடெக்கைத் திணறடிக்கும் காட்சி வேறு கிடையாது. ஒவ்வொரு பிரேமிலும் புதுப் புதுச் சிலிர்ப்பு. "இங்கிருந்து அங்கே நகர்ந்தது" என்ற தந்திரம் அங்கே செல்லாது. காரையில் முக்காலியில் வைத்து எடுத்த சரிவுக் காட்சியையும் கரைவெட்டித் தண்ணீரையும் எக்ஸ்264-ல் ஒரே அமைப்பில், சிஆர்எஃப் 23 என்று வைத்து மாற்றினால், தண்ணீர்க் கோப்புதான் பல மடங்கு பெரிதாக வருகிறது. விநாடிக்கு இவ்வளவு பிட்டுக்கு மேல் கூடாது என்று கட்டிப்போட்டாலோ, தண்ணீர் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். வாத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அளக்கும்போதும் அதே தண்ணீர்தான் 90 சதவீத ஓட்டு போடுகிறது. திருடனும் அவனே, பஞ்சாயத்தாரும் அவனே என்ற கதை.

பிஎஸ்என்ஆரின் குறை எல்லோருக்கும் ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான். கண் அப்படிக் கழித்துப் பார்ப்பதில்லை. முழுப் படத்தையும் இரண்டு மாத்திரை வெளிச்சமாக்கினால் கண்ணுக்குத் தெரியாது, பிஎஸ்என்ஆர் விழுந்துவிடும். 2004-ல் ஸோ வாங், ஆலன் போவிக், ஹமீத் ஷேக், ஈரோ சிமோன்செல்லி நால்வரும் எஸ்எஸ்ஐஎம் என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். இது சின்னச் சின்னச் சாளரமாக நகர்ந்து, வெளிச்சம், வேறுபாடு, அமைப்பு என்று மூன்றை ஒப்பிடும். விளிம்பு விளிம்பாக இருக்கிறதா, கோடு கோடாக இருக்கிறதா என்று பார்க்கிற அளவு. ஒன்று என்றால் அப்படியே மூலம். இதற்காக அவர்களுக்கு 2015-ல் எம்மி விருதுகூடக் கிடைத்தது. ஒரு கணிதச் சூத்திரத்துக்கு டிவி விருது!

அதற்கு அடுத்தது நெட்ஃபிளிக்ஸ் 2016-ல் வெளியிட்ட வீமாஃப். இது ஒரே சூத்திரம் அல்ல. மூலத்தின் தகவல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பல அளவுகளில் பார்க்கும் ஒரு கணக்கு, நுணுக்க இழப்புக்கு ஒரு கணக்கு, பிரேமுக்குப் பிரேம் அசைவுக்கு ஒரு கணக்கு. மூன்றையும் எடுத்து, மனிதர்கள் உட்கார்ந்து பார்த்துப் போட்ட மதிப்பெண்களோடு பொருந்தும்படி பயிற்றுவித்த எந்திரக் கற்றல் மாதிரி. பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண். திறந்த மூலம், இலவசம், எஃப்எஃப்எம்பெக்கோடு சேர்த்தே ஓட்டலாம். இன்றைக்கு யாராவது "தரம் 95" என்றால் பெரும்பாலும் வீமாஃபைத்தான் சொல்கிறார்கள்.

நானும் இதைத்தான் தினமும் ஓட்டுகிறேன். ஆனால் அந்த நூறு யாருடைய நூறு என்று கேட்க வேண்டும். அதன் வழக்கமான மாதிரி, 1080 வரித் திரையை அதன் உயரத்தைப் போல் மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்து பார்க்கும் ஆளை மனதில் வைத்துப் பயிற்றுவிக்கப்பட்டது. அதாவது வரவேற்பறையில் சோபாவில் சாய்ந்துகொண்டு சினிமா பார்க்கிறவர். அவருக்குப் படம் ரசிக்கும்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் பிள்ளை பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறான். அதற்கென்று போன் மாதிரி ஒன்றும் வீமாஃபில் உண்டு. அதைப் போட்டால் அதே கோப்புக்கு மதிப்பெண் கூடும், சின்னத் திரையில் குறை தெரியாது என்பதால். ஆனால் படிமத்தையோ பறவையையோ பார்க்கிற பிள்ளை என்ன செய்வான்? இரண்டு விரலை வைத்து இழுத்துப் பெரிதாக்குவான். அந்த நொடியில் போன் மாதிரியின் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். அதனால் எங்கள் வீடியோக்களுக்கு நான் போன் மாதிரியைப் போடுவதே இல்லை.

"ஃபுல் எச்டிலதாண்ணே குடுத்திருக்கேன், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பெரம்பலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற தம்பி ஒருத்தர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் 1080 என்பது பெட்டியின் அளவு, உள்ளே என்ன இருக்கிறது என்பதல்ல. விநாடிக்கு 600 கிலோபிட் மட்டும் கொடுத்து 1080-ல் ஏரிக் காட்சியை அடைத்தால் கட்டம் கட்டமாக உடையும். அதே 600 கிலோபிட்டை 480 வரிக்குக் கொடுத்தால், பார்க்கும்போது பெரிதாக்கினாலும் படம் இதைவிடச் சுத்தமாக இருக்கும். எந்தப் பிட்ரேட்டில் எந்த அளவுக்கு இறங்குவது என்பது காட்சிக்குக் காட்சி மாறும். அசையாத கல்மரம் 1080-லேயே நிற்கும், தண்ணீர் சீக்கிரம் இறங்கச் சொல்லும். ஒப்பிடும்போது 480-ஐ மறுபடி 1080-க்குப் பெரிதாக்கித்தான் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மூலத்தை 480-க்குச் சுருக்கி ஒப்பிட்டால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். மூலத்திலேயே நுணுக்கத்தைக் கொன்றுவிட்டு "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்கிற வேலை அது.

பிரேமுக்குள் நடக்கும் இந்தச் சராசரி மோசடி, நேரத்திலும் நடக்கிறது. பத்து நிமிஷ வீடியோ. ஒன்பது நிமிஷம் ஐம்பது விநாடி எல்லாம் அமைதி, வீமாஃப் 96. பத்தே பத்து விநாடி வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கிறது, படம் சிதறி 50-க்கு இறங்குகிறது. சராசரி 95.2. அருமையான வீடியோ! இசைச் சராசரி எடுத்தால் சரியாகும் என்பார்கள். போட்டுப் பாருங்கள், 94.5 வரும். பெரிய வித்தியாசமில்லை. மதிப்பெண்களை வரிசைப்படுத்தி அடியிலிருந்து ஐந்தாவது சதவீதத்தில் நிற்பதைப் பார் என்பது இன்னொரு யோசனை. அந்தப் பத்து விநாடி மொத்தத்தில் 1.7 சதவீதம்தான். ஐந்தாவது சதவீதத்தில் இன்னும் 96 தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றாவது சதவீதத்துக்குப் போனால்தான் 50 கண்ணில் படும். ஆனால் ஏரிக்குப் போனதே அந்தப் பத்து விநாடிக்காகத்தானே.

அதனால் நான் ஒற்றை எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எஃப்எஃப்எம்பெக் ஒவ்வொரு பிரேமுக்கும் மதிப்பெண்ணைக் கோப்பில் எழுதித் தரும். பத்து நிமிஷத்துக்கு 18,000 வரி. அதை வரைபடமாக்கி, எங்கே பள்ளம் விழுகிறதோ அந்த இடத்துக்குப் போய்க் கண்ணால் பார்ப்பது. ஒரே ஒரு பிரேம் மட்டும் விழுந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, காட்சி மாறும் இடமாக இருக்கும். ஒரு விநாடிக்கு மேல் நீண்ட பள்ளம் என்றால் கவனிக்க வேண்டும்.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தடவை ஓட்டுகிறவர்கள் பலர் இதில் மாட்டுவார்கள். போன்கள் சீரான வேகத்தில் பிரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 30-லிருந்து 24-க்குக்கூட இறங்கும். மாற்றும்போது அதைச் சீராக 30 ஆக்கினால் சில பிரேம்கள் இரட்டிக்கும், சில விடுபடும். பிறகு மூலத்தின் நூறாவது பிரேமை நகலின் நூற்றொன்றாவது பிரேமோடு ஒப்பிடுவோம். மதிப்பெண் பாதாளத்துக்குப் போகும், கண்ணுக்கோ குறையே இருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: அசையாத காட்சியில் மதிப்பெண் நன்றாகவும், கேமரா திரும்பும்போது மட்டும் படுமோசமாகவும் இருந்தால், தரத்தைச் சந்தேகிக்காதீர்கள், பிரேம் வரிசையைச் சந்தேகியுங்கள். முதலில் மூலத்தையே சீரான வேகத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதேபோல வெளிச்ச வரம்பு. சில போன்கள் 0 முதல் 255 வரை முழுசாக எழுதும், வழக்கமான வீடியோ 16 முதல் 235 வரை. இது குழம்பினால் பிஎஸ்என்ஆர் அநியாயத்துக்கு விழும்.

அடுத்தது வண்ணம். காரைக் களிமண்ணில் பெலம்னைட் படிமங்கள் நிறைய. கணவாய் மீனின் பழைய உறவுக்காரப் பிராணி, அதன் உள்ளோடு துப்பாக்கித் தோட்டா மாதிரி கூராகக் கிடக்கும். பழுப்பு நிறம். மண்ணோ சாம்பலும் செம்மையும் கலந்தது, நடுவில் ஜிப்சத் துண்டுகள் வெயிலில் பளபளக்கும். வெளிச்சத்தில் படிமத்துக்கும் மண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, நிறத்தில்தான் கண் பிடிக்கிறது. இப்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று, வழக்கமான வீடியோ வடிவம் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் வைக்கிறது, நான்கு பிக்சலுக்கு ஒரே நிறம். இரண்டு, வீமாஃப் நிறத்தைப் பார்ப்பதே இல்லை, வெளிச்சத்தை மட்டும்தான். ஆகவே பெலம்னைட்டின் பழுப்பு மண்ணோடு கரைந்து காணாமல் போனாலும் வீமாஃபுக்கு அது ஒரு செய்தியே அல்ல. பிஎஸ்என்ஆரை வெளிச்சத்துக்குத் தனி, நிறத்தின் இரண்டு தளங்களுக்குத் தனி என்று எஃப்எஃப்எம்பெக் பிரித்துத் தரும். பழசு, முரடு என்று எல்லோரும் ஓரம்கட்டிய அளவு இந்த இடத்தில்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

(காரைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஒன்றையும் பொறுக்கிக்கொண்டு வராதீங்க. படம் எடுங்க, போதும்.)

கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரச்சினை வேறு மாதிரி. விமானத்தின் சிற்ப வேலைப்பாடு எல்லாம் கோடும் விளிம்புமாக இருப்பதால் கோடெக் ஓரளவு மதித்து வைக்கிறது. மாட்டுவது அதற்குப் பின்னால் இருக்கும் அந்தி வானம். ஆரஞ்சிலிருந்து கருநீலத்துக்கு மெதுவாக மாறும் வானம், சுருக்கிய பிறகு படிக்கட்டு படிக்கட்டாகப் பட்டை விழும். பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவே வித்தியாசம் ஒன்றிரண்டு மாத்திரைதான், அதனால் பிஎஸ்என்ஆர் கண்டுகொள்ளாது, வீமாஃபும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கண்ணுக்கு மட்டும் உடனே உறுத்தும். இதற்கென்றே நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் 2021-ல் காம்பி என்று தனி அளவு செய்தார்கள். எனக்கு இந்தக் குறை அவ்வளவு முக்கியமில்லை. வானம் அசிங்கமாக இருக்கலாம், சிற்பம் தெரிந்தால் சரி. அழகாகப் படமெடுக்கிற நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மதிப்பெண்ணை ஏமாற்றவும் முடியும் என்பதை மனதில் வையுங்கள். சுருக்குவதற்கு முன்னால் படத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கி, வேறுபாட்டைக் கூட்டினால் வீமாஃப் ஏறிவிடும். அதைத் தடுக்கும் மாதிரி ஒன்றைப் பின்னால் சேர்த்தார்கள். எக்ஸ்264-லேயே பிஎஸ்என்ஆருக்கு ஏற்ற இசைவு என்று ஓர் அமைப்பு உண்டு. போட்டால் எண் ஏறும், படம் மெழுகு பூசிய மாதிரி வழவழப்பாகும். ஏனென்றால் கண்ணுக்குப் பிடிக்கும் சொரசொரப்பைக் காப்பாற்றும் தந்திரங்கள் எல்லாம் கணக்கில் பிழையாகத்தான் விழுகின்றன. காரை மண்ணுக்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

இவ்வளவையும் ஓட்டிய பிறகு எனக்குப் பட்டது இதுதான். இந்த அளவுகள் எல்லாம் "நகல் மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது, சோபாவில் இருப்பவருக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது" என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. என் கேள்வி "இதில் வாத்தை எண்ண முடியுமா?" என்பது. இரண்டும் வேறு. தர நிர்ணயக்காரர்களுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். பார்வையாளர்களை உட்கார வைத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் முறைக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைகள் பல உண்டு. அதே ஒன்றியம் பி.912 என்று 2008-ல் தனியாக ஒன்று வெளியிட்டது. ஏதோ ஒன்றை அடையாளம் காண்பதற்காகப் பார்க்கும் வீடியோவுக்கானது. வண்டியின் நம்பர் பிளேட் தெரிகிறதா, ஆள் யார் என்று சொல்ல முடிகிறதா என்ற வகை. அழகா இருக்கா என்று கேட்காதே, என்ன தெரிகிறது என்று கேட்டு, பதில் சரியா தப்பா என்று எண்ணு என்பது அதன் சாரம். பறவைக்கும் படிமத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

ஆகவே இப்போது நான் செய்வது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எந்திரம். மூலத்திலும் நகலிலும் ஒரே செவ்வகத்தை, வாத்து இருக்கும் பகுதியை மட்டும், வெட்டி எடுத்து அளக்கிறேன். முக்காலியில் எடுத்திருந்தால்தான் இது நடக்கும், கையில் பிடித்து எடுத்ததில் செவ்வகம் வாத்தை விட்டு ஓடிவிடும். வெட்டும் எல்லைகள் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறத் தளம் அரைப் பிக்சல் நகர்ந்து வீணாய்ப் பிழை காட்டும். வெட்டிய துண்டுக்கு வரும் வீமாஃபை நூற்றுக்கு இவ்வளவு என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது, அந்த மாதிரி முழுப் பிரேமுக்குப் பயிற்றுவித்தது. சிஆர்எஃப் 20, 23, 26, 29 என்று நான்கு நகல் எடுத்தால் எந்த இடத்தில் சட்டென்று சரிகிறது என்று பார்க்க மட்டும் உதவும்.

இரண்டாவது கட்டத்தில் ஆள். மூலத்தைப் பார்த்து, பறவை தெரிந்த ஒருவர் எண்ணிக்கையை முதலில் எழுதி வைத்துவிடுகிறார். பிறகு ஒவ்வொரு நகலையும் வேறு வேறு பிள்ளைகளிடம், அவரவர் போனில், கொடுத்து எண்ணச் சொல்வது. ஒரே பிள்ளையிடம் இரண்டு நகலைக் கொடுக்கக் கூடாது, முதல் தடவை எண்ணியது ஞாபகத்தில் நின்றுவிடும். எந்த நகல் எவ்வளவு சுருக்கியது என்று சொல்லவும் கூடாது. "நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் சொல்வான், மரியாதைக்கு. "எத்தனை?" என்று கேட்டால் மரியாதைக்கு இடமில்லை. எண்ணிக்கை மூலத்தோடு ஒத்துப்போகிற வரைக்கும் எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கலாம். அதற்கு மேல் போனால் டேட்டா மிச்சமாகும், பாடம் மிச்சமிருக்காது.

இதைச் செய்தபோது தெரிந்த இன்னொரு விஷயம், எல்லாக் காட்சிக்கும் ஒரே அமைப்பு என்பது வீண். சாத்தனூர் கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது, அசையாது, பிரேம் முழுக்க அதுதான். எவ்வளவு பிழிந்தாலும் தாங்குகிறது. அங்கே மிச்சம் பிடிக்கும் பிட்டை ஏரிக்குக் கொடுக்கலாம். குறிப்பிட்ட பகுதிக்கு அதிகப் பிட் கொடு என்று எக்ஸ்264-க்குச் சொல்லும் வசதியும் எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கிறது. வாத்து நீந்திப் போய்விட்டால் அது பயன்படாது என்பதால் நான் படிமங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். உண்மையில் இந்த எல்லா வித்தையையும்விட நல்ல முக்காலியும் காலை வெளிச்சமும் அதிகம் உதவுகின்றன. கை நடுக்கமும் இருட்டில் வரும் புள்ளி இரைச்சலும் தண்ணீர்ச் சிலிர்ப்பு மாதிரியேதான், பிட்டைத் தின்னும்.

யூடியூபில் ஏற்றுவதற்கு மட்டும் கணக்கு வேறு. நாம் எதை ஏற்றினாலும் அவர்கள் மறுபடி தங்கள் அமைப்பில் மாற்றித்தான் காட்டுகிறார்கள். நாம் அளந்து அளந்து செய்த நகலை யாரும் பார்க்கப் போவதில்லை, நகலின் நகலைத்தான் பார்ப்பார்கள். அங்கே மூலத்தை அப்படியே, அல்லது சிஆர்எஃப் 16, 17 வாக்கில் ஏற்றிவிடுவது மேல். அளந்து சுருக்குவது, கல்லூரி சர்வரில் வைப்பதற்கும் பென் டிரைவில் கொடுப்பதற்கும் டெலிகிராமில் கோப்பாக அனுப்புவதற்கும்தான். அவற்றில் நாம் கொடுப்பதே கடைசி வடிவம்.

மூலத்தை அழிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், ஹார்ட் டிஸ்க் விலை அப்படி. மேலே சொன்ன அளவுகள் எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறவை. மூலம் போய்விட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. மூலமே இல்லாமல் அளக்கும் முறைகளும் உண்டு. அனிஷ் மிட்டல், அனுஷ் மூர்த்தி, போவிக் மூவரும் 2012-ல் கொண்டுவந்த பிரிஸ்க் அப்படிப்பட்டது. படம் இயல்பான படம் மாதிரி இருக்கிறதா என்று அது சொல்லும். அங்கே பெலம்னைட் இருந்ததா என்று சொல்லாது. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை மூலமாக வைத்து 97 மதிப்பெண் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கெட்டுப்போன ஒன்றுக்கு ரொம்ப விசுவாசமான நகல் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான் போனிலிருந்து வந்த கோப்பை ஒரு பைட் மாற்றாமல் இரண்டு டிஸ்கில் வைக்கிறேன். பெயரில் தேதி, ஊர், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற மூன்றும் இருக்கும். காரையில் எடுத்ததற்கு மட்டும் கூடுதலாக ஒன்று: கடைசியாக எப்போது மழை பெய்தது என்று.